மேனேஜருக்கு இருபத்துநாலு வயது

ஜனவரி 12, சனி

காலையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டினேன். ஒரே ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியைத் தேடு தேடு என்று தேடிக் களைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாராம், கண்ணாடி நாற்காலியில்தான் இருந்ததாம். கண்ணாடியின் கால் இரண்டையும் நிமிர்த்தி, திருகாணி மாற்றிக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு விசில் வந்தாள். நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் சனிக்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிறவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். இருபது வருஷம் என் மகனோடு அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறேன். அவன் இறந்து வருகிற ஜூனில் இரண்டு வருஷம். அதன்பிறகு அந்தத் தெருவில் நான் கால் வைக்கவில்லை.

புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம். இரண்டு மாதக் குழந்தை. இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் வேண்டும். புருஷன் கப்பலில் வேலை, பக்கத்தில் யாருமில்லை. ஏற்கெனவே இதையெல்லாம் கடந்த பெற்றோர் ஒருவரைப் புதியவர்களோடு சேர்த்துவைக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் என்னைக் கேட்டாள்.

"உங்க லிஸ்ட்ல நான் இன்னும் இருக்கேனா?"

"உங்க பேரை அடிக்க எனக்குக் கை வரலை."

"எனக்குத்தான் இப்ப பிள்ளையே இல்லையே."

"ஆபரேஷன் பார்த்த அம்மாக்கள்ல இப்ப வரக்கூடியவங்க நீங்க ஒருத்தர்தான். நான் அவங்ககிட்ட உங்களைப் பத்தி எதுவும் சொல்லலை. உங்க கதை, நீங்கதான் சொல்லணும். அறிவுரை மட்டும் வேண்டாம்."

நான் அறிவுரை சொல்கிறவளா? கேட்டால் கூடமே சிரிக்கும்.

ஜனவரி 13

போகப்போவதில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 19, சனி

போனேன்.

மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, "வாங்க அக்கா" என்றாள். எனக்கு ஐம்பத்தாறு. அந்த ஒரு அக்காவுக்காகவே இன்னும் இரண்டு மாடி ஏறலாம்.

குழந்தையைப் பட்டு என்று கூப்பிடுகிறாள். பால் குடிக்கும்போதே நெற்றி வேர்த்துவிடுகிறது. நாலு வாய் குடித்தால் தூங்கிவிடுகிறது. அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். நான் வாங்கி மடியில் போட்டு, தாடைக்கு அடியில் ஒரு விரல் கொடுத்தேன். கை மறக்கவில்லை. நானே அசந்துபோனேன். அந்தக் கண்கள். அந்தச் சின்ன மூக்கு. கண்ணாடி நிற்காத மூக்கு.

என்னுடையவனுக்கும் ஆபரேஷன், ஐந்தாவது மாதத்தில், என்று சொன்னேன். நெஞ்சின் நடுவே தழும்பு இன்னும்—

"இப்ப எப்படி இருக்கார் அக்கா?"

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது வாயில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவள் முகம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது, மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கான். வேலைக்குப் போறான்."

அதோடு நிறுத்தினேனா? சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளை வரிசைப்படுத்துகிற வேலை. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் "லைன்ல வாங்க" என்று அதட்டுவான். அதனால் அங்கே எல்லோரும் அவனை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். எல்லாம் நிஜம். ஒன்றைத் தவிர எல்லாம் நிஜம்.

அவள் சிரித்தாள். குழந்தை பிறந்த பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறேன் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 20

அடுத்த வாரம் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 26

சொல்லவில்லை. துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வைத்துக் குழந்தையைக் குப்புறப் போடச் சொல்லிக்கொடுத்தேன். தலையை ஒரு நொடி தூக்கினாள் பட்டு. இரண்டு பேரும் கை தட்டினோம்.

பிப்ரவரி 2, சனி

கடைக்குப் போன் செய்தாள். பட்டுவின் எடை இருநூறு கிராம் கூடியிருக்கிறது. பேச்சுவாக்கில் "மேனேஜர் சார் என்ன பண்றார்?" என்றாள். "வேலைக்குப் போயிருக்கான். இப்ப பிரெட் பிரிவுக்கு மாத்திட்டாங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் பிரெட் பிரிவு? அவனுக்கு ஆசை இருந்தது, அது உண்மை. வாசனைக்காக அங்கே போய்ப் போய் நிற்பான். கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கவேயில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் நிற்கிறார். சாப்பாட்டு டப்பாவை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கொண்டு வந்திருக்கிறார்.

"யாரை மாத்திட்டாங்க?"

"யாரையோ."

டப்பாவை வைத்தார். போய்விட்டார். நாற்பது வயதிலேயே அளந்து பேசுகிறவர். மகன் போன பிறகு அதுவும் இல்லை. அவன் பேரை இந்த வீட்டில் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று?

பிப்ரவரி 9, சனி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே இவர் கேட்டார்: "இன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

வசவு வரப்போகிறது என்று நினைத்தேன். ஒளித்து என்ன பயன்? சொன்னேன். பிரெட் பிரிவில் தொப்பி கொடுத்திருக்கிறார்கள், அவன் அதை வீட்டிலும் கழற்றமாட்டேன் என்கிறான்.

இவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அங்க சூடா இருக்குமே."

"பேன் போட்டிருக்காங்களாம்."

"ம்" என்றார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு இரண்டாவது முறை போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 14

இன்றைக்கு வியாழன்தான். நான் அவளைப் பார்க்கவேயில்லை. இவர் கேட்கிறார்: "இன்னைக்கு என்ன ஷிப்ட்டாம்?"

"காலை."

பைத்தியமா எங்களுக்கு? இரண்டு பேருக்கும் சேர்த்தே பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 20

இருபத்துநாலு. இருந்திருந்தால்.

எப்போதோ அவன் பிறந்த தேதியைச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்தப் பெண், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பையோடு கடைக்கே வந்துவிட்டாள். உள்ளே ஒரு சட்டை. மஞ்சள் கட்டம் போட்டது. "சைஸ் குத்துமதிப்பா எடுத்தேன் அக்கா. அவர்கிட்ட நான் விஷ் பண்ணினேன்னு சொல்லுங்க."

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்கே போடுவது? இவர் பிரித்துப் பார்த்தார். தோளிலிருந்து தோளுக்குச் சாண் வைத்து அளந்தார்.

"அளவு சரிதான். மஞ்சள்தான் அவனுக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டு, ஹாங்கரில் மாட்டி அவன் அலமாரியில் தொங்கவிட்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! ஒரு பச்சைப் பிள்ளைக்காரியை ஏமாத்தி, அவ வாங்கிக் கொடுத்ததை வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறேனே. எனக்கு அவன் வேணும். வேற எதுவும் வேணாம். இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பிடிக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கணும், அது போதும்.

மார்ச் 9, சனி

மருத்துவர் நாள் குறித்துவிட்டார். ஏப்ரல் 3. அதற்குள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் மேசையில் கிடக்கிறது, மேலே பால் பாட்டில் மூடி. அவள் மாமியார் போனில் "அத்தனூண்டு உடம்பை அறுக்கணுமா?" என்கிறாராம். புருஷன் "நீ என்ன சொல்றியோ அது" என்கிறாராம். அதைவிட ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்.

"பேனாவை எடுத்து எடுத்துக் கீழ வைக்கிறேன் அக்கா. ஒண்ணு கேட்டா செய்வீங்களா? உங்க பையனை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு அவர் உள்ள வர்றதைப் பார்த்துட்டா போதும். நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

என்ன சொல்வேன்? "அடுத்த சனிக்கிழமை" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டால் தேவலை.

உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போடமாட்டாள். சொல்லாவிட்டால் யாரைக் கூட்டிப்போவேன்? அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் இல்லாமல் முடியாது. அது எனக்குத் தெரியும். என் விளையாட்டு அந்தப் பிஞ்சின் உயிரில் வந்து நிற்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

இதை எழுதிவைக்க வேண்டும். பின்னால் நான் ஏதோ நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

முன்சீட்டு கடைக்கு வந்தான். மகனின் கூட்டாளி, கூடத்துப் பிள்ளை. இருபத்தாறு வயது. எந்த வண்டியிலும் முன் இருக்கையில்தான் உட்காருவான். சலவை நிலையத்தில் மருத்துவமனைப் போர்வை மடிக்கிற வேலை. அவனுக்கும் கண்ணாடி மூக்கில் நிற்காது. மாதம் ஒருமுறை வருவான். கண்ணாடிக் காலைச் சூடுபண்ணிக் காதுக்குப் பின்னால் நன்றாக வளைத்து, மூக்குப் பட்டையை இறக்கி ஒட்டிக் கொடுப்பேன். என் பிள்ளைக்காகக் கற்றுக்கொண்ட வேலை.

அதே உயரம். பின்னாலிருந்து பார்த்தால் அதே தோள்.

"சனிக்கிழமை என்கூட ஒரு பாப்பா வீட்டுக்கு வர்றியா? டாக்சியில. முன்சீட்டுல."

"வர்றேன்."

"அங்க உன்னை மேனேஜர்னு கூப்பிடுவாங்க. நீ சும்மா தலையாட்டணும். அவ்வளவுதான்."

கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். அவன் யோசிக்க நேரம் எடுப்பான், குறுக்கே பேசினால் கோபம் வரும். நான் காத்திருந்தேன். காதெல்லாம் சிவந்துவிட்டது அவனுக்கு.

"நான் மேனேஜர் இல்ல."

"தெரியும்பா—"

"அவன் செத்துட்டான். நான் பார்த்தேன். எனக்கும்தான் அவன் இல்ல. நான் பொய் சொன்னேனா?"

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், உனக்கு எப்படிடா இருக்கு என்று இவனைக் கேட்டிருக்கிறேனா? பஸ் நிறுத்தத்தில் தினம் ஒன்றாக நின்ற பிள்ளைகள்.

"மன்னிச்சுக்கடா" என்றேன்.

அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "பாப்பாவைப் பார்க்க வர்றேன். நானா வர்றேன். பிஸ்கட் இருக்குமா?"

மார்ச் 15

நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"ஆபரேஷன் முடியட்டுமே" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னும் ஒரு வாரம்."

"யாருக்காகக் கேக்கறீங்க?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிரெட் பிரிவு இவருக்கும் ஒரு வீடாகிவிட்டது. நான் நாளைக்கு அதை இடிக்கப்போகிறேன்.

மார்ச் 16, சனி

டாக்சியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். முதலில் உட்காருவேன், அவள் கையைப் பிடித்துக்கொள்வேன், அதன்பிறகு மெல்ல... எல்லாம் வீண். கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க வாங்க, மேனேஜர் சார்!" என்றாள்.

"நான் முன்சீட்டு" என்றான். "மேனேஜர் என் பிரெண்டு. அவன் செத்துப் போயிட்டான். பாப்பா எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன்.

"ஆபரேஷன்லயா?"

"இல்லம்மா. ஆபரேஷன் நல்லா நடந்தது. அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தான். கடைசியில நெஞ்சுல சளி கட்டி... ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"எத்தனை தடவை கேட்டேன்? சட்டை வாங்கிக் கொடுத்தேனே அக்கா. அதை வாங்கிட்டுப் போனீங்களே."

"தப்புதான்."

"நான் உங்களைப் பிடிச்சுக்கிட்டுதானே நின்னுட்டிருந்தேன்."

குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சோபா நுனியில் உட்கார்ந்தேன். முன்சீட்டு தட்டில் இருந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தின்றான். ஆறும் தீர்ந்ததும் எழுந்துபோய்க் கதவைத் தட்டினான்.

"நான் பாப்பாவைப் பார்க்கத்தான் வந்தேன்."

ரொம்ப நேரம் நின்றான். கதவு திறந்தது, அவனுக்கு மட்டும். கால் மணி நேரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒருமுறை அவன் சிரித்தான்.

திரும்பும்போது சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தான்.

"உள்ள என்னடா பண்ணின?"

"தையல் போட்ட இடம் காட்டினேன். எனக்கு ரெண்டு இருக்கு, மேனேஜருக்கு ஒண்ணுதான். அவங்க தொட்டுப் பார்த்தாங்க. கூச்சமா இருந்துச்சு."

மார்ச் 17

சட்டையைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போயிருந்தேன். கொடுக்கவேயில்லை. பை, எங்களுக்காகக் காத்திருந்த டாக்சியிலேயே இருந்திருக்கிறது, முன்சீட்டு கால் வைத்திருந்த இடத்தில்.

மார்ச் 23, சனி

மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஏப்ரல் 3

ஆபரேஷன் நடக்கிறதா? கையெழுத்துப் போட்டாளா?

பதினோரு மணிக்கு ஒரு லென்ஸைத் தப்பாக வெட்டினேன். பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. கடைக்காரர் "வீட்டுக்குப் போங்க, கண்ணாடி மிஞ்சும்" என்றார். விசிலுக்குப் போன் செய்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் இன்னும் திட்டு வாங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

"அவங்க விஷயத்தை அவங்கதான் சொல்லணும். நான் சொல்லக்கூடாது."

"குழந்தை உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க."

"என்னைக் கேக்காதீங்க, ப்ளீஸ்."

ஏப்ரல் 13

சாப்பிடும்போது இவர் எதுவும் கேட்பதில்லை. சொல்வதற்கும் ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வீடு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

அவளிடமிருந்து செய்தி. ஒரே வரி:

"பட்டுவுக்கு இப்ப பால் குடிக்கும்போது வேர்க்கிறதில்ல."

லென்ஸ் வெட்டும் மெஷினைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

மே 11, சனி

வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், காலை பத்தரைக்கு, எங்கள் வீட்டுக்கு. விலாசம் விசிலிடம் வாங்கினாளாம். பட்டு இரண்டு சுற்று பெருத்திருக்கிறாள். கழுத்துக்குக் கீழே சட்டை விலகிய இடத்தில் கோடு தெரிகிறது. இளஞ்சிவப்பு.

"உங்க மேல கோபம் இன்னும் போகலை அக்கா. அதை முதல்ல சொல்லிடறேன்."

"போக வேண்டாம்மா."

"ஆனா எனக்குத் தெரியணும். நீங்க சொன்னது எல்லாம் பாதி. மீதியை நான் தினமும் கற்பனை பண்ணிப் பண்ணிச் சாகறேன். அவருக்கு என்ன ஆச்சுன்னு முழுசா சொல்லுங்க."

இவர் அதற்குள் குழந்தையை வாங்கிக்கொண்டிருந்தார். இவர் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை, எப்படி வாங்கினார் என்று தெரியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார்.

சொன்னேன். திங்கட்கிழமை இருமல். செவ்வாய் காய்ச்சல், அப்படியும் வேலைக்குக் கிளம்பினான். புதன் மருத்துவமனை. இரண்டு நாள் நான் நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன், ஒரு மணி நேரம்தான். திரும்பிப் போனபோது முடிந்துவிட்டிருந்தது.

"அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியாது" என்றேன். "இவர்தான் கூட இருந்தார்."

நான் கேட்டதில்லை. இவர் சொன்னதில்லை. இரண்டு வருஷம்.

ஜன்னலைப் பார்த்தபடியே இவர் பேச ஆரம்பித்தார்.

"மாஸ்க்கை இழுத்து இறக்கினான். 'அப்பா, என் கடைக்குப் போன் போடு. இன்னைக்கு லேட் ஆகும்னு சொல்லு'ன்னான். நர்ஸ் மாட்ட மாட்ட இறக்குறான். போட்டாத்தான் விடுவான்போல இருந்தது. போட்டேன். அவன் எதிர்லயே பேசினேன். மேனேஜர் இன்னைக்கு லேட்டா வருவார்னு. 'பரவால்ல சார், மெதுவா வரச் சொல்லுங்க'ன்னாங்க. அவன்கிட்ட சொன்னேன். மெதுவா வரச் சொன்னாங்கடான்னு. 'ம்'னான். அப்புறம் மாஸ்க் மாட்ட விட்டான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இவர் முதுகையே பார்த்தேன்.

"நான் அவங்களுக்குத் திரும்பப் போன் பண்ணவே இல்ல" என்றார். "வேற யாரோதான் சொல்லியிருக்காங்க. என்னால அதைச் சொல்ல முடியலை."

பட்டு இவர் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். வாங்கிப் படுக்க வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.